பின் சீட்டுச் சாட்சி

லிங்கேஷின் ஒர்க்‌ஷாப்பில் நாலு சக்கரமும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த சிவப்புக் காரைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். நமக்கென்ன, வந்துவிடலாம். அது மகனின் கார். கிருபாபாயால் முடியவில்லை. புளியைக் கரைக்கும்போதுகூட அவளுக்கு அந்தக் கார்தான் கண்முன் தொங்கியது.

நாளைக்கு ராயகிரிக்குப் போக வேண்டும். மகள் ஜெனிபாவுக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்து, பிரசவத்துக்குப் பிள்ளையைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவர வேண்டும். நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது, ஆனால் வழியில் அலுங்காமல் குலுங்காமல் கூட்டிப்போங்கள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

குலுங்காமல் என்ற அந்த வார்த்தைதான் கிருபாபாயின் தொண்டையில் முள்ளாக நின்றது.

குளியலறைக் கதவு திறந்தது. கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தபடி தேவசுந்தரம் வெளியே வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இப்போது சபைக் கமிட்டியின் செயலாளர். ஒரு பொய்யைச் சகிப்பதற்குப் பதில் ஒரு வேளைச் சோற்றை விட்டுவிடுவார்.

“ஏட்டி கிருபா, இந்த டைல்ஸ்ல எண்ணெயக் கொட்டிட்டு நடந்தாலும் வழுக்காது பாத்துக்க. இத முன்னயே போட்டிருந்தா உன் இடுப்புக்கு இந்தக் கதி வந்திருக்குமா?”

கிருபாபாய் இடுப்பு பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் குளியலறையில் விழவே இல்லை. அது இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

குருவிகுளத்தில் சபையார் வைத்த அசன விருந்து சாப்பிட்டுவிட்டு மகன் ஜெபசுந்தரின் காரில் வந்த மத்தியானம் அது. பின் சீட்டில் அவள் மட்டும். பெயிண்ட் அழிந்துபோன வேகத்தடை ஒன்றை ஜெபசுந்தர் கவனிக்கவில்லை. கார் துள்ளிய துள்ளலில் அவளுடைய முதுகெலும்பில் மயிரிழை விரிசல். “அம்மா, அப்பாட்ட நான் சொல்லிருதேன்” என்று மகன் அழுதான். “வாயத் தொறக்காத” என்று தடுத்தவள் அவள்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் எவனோ தரையோடு தரையாக இறக்கி ஓட்டிய பழைய காரை மகன் வாங்கிக்கொண்டு வந்து நின்ற அன்றே, அப்பனும் மகனும் பேச்சை முறித்துக்கொண்டார்கள். “இந்த வண்டியால யாருக்காவது ஒரு கீறல் விழுந்துச்சோ, நீ என் மொகத்துலயே முழிக்கப்பிடாது” என்று அவர் சொன்ன சொல் அப்படியே இருந்தது. கிருபாபாய் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் இருவரும் மறுபடி பேசினார்கள். அதோடு விட்டார்களா? பழைய தரையை உடைத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டினார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பிகூட மாட்டினார்கள். ஞாயிறு ஆராதனையில் “குளியலறையில் வழுக்கி விழுந்து சுகம் பெற்றுவரும் திருமதி கிருபாபாய்க்காகக் குடும்பத்தார் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை” என்று குருவானவர் வாசிக்க, சபையே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் தலைமுக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். பொய்யைச் சொன்னவளைவிட அந்தப் பொய் நன்றாகப் பிழைத்துக்கொண்டிருந்தது.

இப்போது அதே காரில்தான் ஜெனிபா வரப்போகிறாள்.

வாடகைக் காருக்குச் சொல்லிவைத்திருந்த தேவசுந்தரம், “தங்கச்சிய நான்தான் கூட்டியாருவேன், வண்டி ஸ்பிரிங்கெல்லாம் மாத்துதேம்பா” என்று மகன் கெஞ்சியதில் இளகி, அதை வேண்டாமென்று சொல்லிவிட்டார். இருக்கட்டுமே என்று கிருபாபாய் இழுத்ததற்கு, “பெத்தவ நீயே மகன நம்பலேன்னா வேற எவ நம்புவா?” என்று அவளையே கடிந்துகொண்டார். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜெபசுந்தர் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான். கையில் கார்ச் சாவி இல்லாமல் அவனைப் பார்ப்பதே அபூர்வம்.

“அம்மா, வேல முடிஞ்சிட்டாம். லிங்கேஷ் போன் போட்டான். இனி பஞ்சு மாதிரி போகும், பாரு.”

“நீ பின்னால உக்காந்து பாத்தியா மக்கா?”

“நான் ஓட்டுனா எப்படிம்மா பின்னால உக்காருவேன்?”

“அதத்தாம்ல கேக்கேன்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “சாப்ட்டா, மெத்துன்னு வைக்கச் சொல்லிருக்கேம்மா. எவ்வளவு சாப்ட்டா முடியுமோ அவ்வளவு. இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாது. சத்தியமா.”

மகனின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவனைத் தேற்றுவதா, பயப்படுவதா? இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டு அவள் கடுகைத் தாளித்தாள்.

“ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசுதீய?” என்று தேவசுந்தரம் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். “கிருபா, கெளம்பு. ஆட்டோவுல நாமளும் போய் வண்டியப் பாத்துருவோம். நாளைக்கு ஒரு இடுப்பு நோயாளியும் ஒரு மாசமான பிள்ளையும் வருதுன்னு அந்தப் பையன்ட்ட நேர்ல சொல்லிட்டா நல்லதுலா.”

வரவில்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள். சமயத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஒர்க்‌ஷாப் ஊருக்கு வெளியே, குருவிகுளத்திலிருந்து வரும் ரோட்டில் இருந்தது. பூ மார்க்கெட் நெரிசலைத் தாண்டி ஆட்டோ வெளியே வந்ததும் கிருபாபாய் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒர்க்‌ஷாப்புக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வேகத்தடை. இப்போதும் பெயிண்ட் இல்லை. ஆட்டோக்காரர் நத்தையாக ஏற்றி இறக்கினார். ஆனாலும் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

“என்னட்டி, வலிக்கா?” என்றார் தேவசுந்தரம்.

“இல்லங்க. வெயிலு.”

கார் தயாராக நின்றது. முன்பு தவளை மாதிரி தரையில் ஒட்டிக்கிடந்த வண்டி இப்போது நிமிர்ந்திருந்தது. ஜெபசுந்தரோடு பள்ளியில் படித்த லிங்கேஷ் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்குத் தன் வேலையைப் பற்றிச் சொல்வதென்றால் காபி, டிபன் எதுவும் வேண்டாம்.

“வாங்க அங்கிள். இங்கன பாருங்க. பழைய ஓனர் கட்டை ஸ்பிரிங் போட்டு வண்டிய எறக்கி வச்சிருந்தான். பாக்க ஸ்டைலு, ஆனா பழைய ஷாக் அப்சார்பரால அந்த ஸ்பிரிங்கப் பிடிச்சி நிறுத்த முடியல. அதான் அந்தத் துள்ளு துள்ளிச்சி. இப்போ கம்பெனி உயரத்துக்கே ஸ்பிரிங். ஷாக் நாலும் புதுசு. இந்தத் திருகு இருக்குல்லா, இதத் திருப்புனா இறுக்கலாம், தளத்தலாம். ஜெபா சாப்ட்டா வேணும்னான். நாலையும் நல்லாத் தளத்தி வச்சிருக்கேன்.”

“ஓட்டிப் பாப்போம்” என்று தேவசுந்தரம் முன் சீட்டில் ஏறினார். மகன் ஓட்டினான்.

கிருபாபாய் வாசலில் நின்று பார்த்தாள். கார் வேகத்தடையில் ஏறியது, இறங்கியது. முன்பக்கம் சமர்த்தாக அடங்கிவிட்டது. பின்பக்கம் அடங்கவில்லை. ஒரு முறை அமுங்கியது, எழும்பியது, மறுபடியும் அமுங்கி மறுபடியும் எழும்பியது. மிதமான வேகத்திலேயே இப்படி. காலி சீட்டிலேயே இப்படி.



திரும்பி வந்து இறங்கிய தேவசுந்தரத்தின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் அப்படித் தட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. “தண்ணில போறது மாதிரில்லா இருக்கு! ஏலே, நீ கெட்டிக்காரந்தான். ஜெனிபாவப் பின் சீட்டுல தலையணையப் போட்டு படுக்க வச்சே கூட்டியாந்திரலாம்.”

ஜெபசுந்தர் வெட்கத்தோடு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தானே இவ்வளவு பொய்யையும் சுமந்தாள்? அவளுக்கு அந்த நேரத்தில் அது துளியும் இனிக்கவில்லை.

“ஒரே ஒரு சந்தேகம் அங்கிள்” என்றான் லிங்கேஷ், தலையைச் சொறிந்துகொண்டு. “முன்னால உக்காந்தா முழுசாத் தெரியாது. பழைய ஷாக்குல பின்னால உக்காந்து வந்தவங்களுக்கு எப்படி இருந்துச்சின்னு தெரிஞ்சா, அதுக்குத் தக்கன பின்னாடி செட் பண்ணிருவேன். ஸ்பீடு பிரேக்கர்ல ஏறும்போதே அடிச்சிச்சா, இல்ல எறங்குனதுக்கப்புறம் ஆடிச்சா? ஏறும்போது அடிச்சிருந்தா சாப்ட்டுதான் சரி. அப்புறமா ஆடுனா கத வேற. வே ஜெபா, பின்னால யாரையும் ஏத்திட்டு ஓட்டிருக்கியா?”

ஜெபசுந்தர் கீழே கிடந்த ஜாக்கியைப் பார்த்தான்.

“இல்ல வே. நான் தனியாத்தான் ஓட்டுவேன்.”

“அப்போ இப்படியே இருக்கட்டும். மாசமா இருக்கவங்களுக்குச் சாப்ட்டுதான நல்லது.”

தேவசுந்தரம் தலையாட்டினார். மெத்தென்று இருப்பது உடம்புக்கு நல்லது என்பதில் இங்கே யாருக்குத்தான் சந்தேகம்? கிருபாபாய்க்குச் சந்தேகம் இருந்தது. விரிசல் விட்ட முதுகுக்குப் பஞ்சு மெத்தை ஆகாது, கட்டாந்தரையில் பாய் போட்டுப் படுங்கள் என்று டாக்டர் சொன்னதை அவள் முதுகு மறந்துவிடவில்லை.

அவள் கைப்பையில் போன் அடித்தது. ஜெனிபா.

“அம்மா, அண்ணன் வண்டியிலதான வாரீங்க? இவுக வாடகைக் கார் பிடிப்போம்னு சொல்லுதாவ. நான்தான் வேண்டாம்னுட்டேன். எங்க அண்ணன் என்னய அலுங்காமக் கூட்டிட்டுப் போயிருவான்னு சொல்லிட்டேன்.” பின்னால் மருமகன் பிரேம்சிங் ஏதோ முனகுவது கேட்டது. “அம்மா? கேக்குதா?”

“கேக்கு மக்கா” என்றாள் கிருபாபாய். “நான் பொறவு பேசுதேன்.”

போனை வைத்தாள். லிங்கேஷ் ஏற்கெனவே ஸ்பேனர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி.”

தன் குரல் இவ்வளவு சத்தமாக வருமென்று அவளுக்கே தெரியாது. சபையில் பெண்கள் எழுந்து சாட்சி சொல்லும் நாட்களில் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்கிறவள் அவள்.

“எங்க அடுத்த வீட்டு மைமூனம்மாள ஒருநாள் இவன் கொண்டு விட்டாம்லா... அவ சொன்னா. ஏறும்போது ஒண்ணும் செய்யலியாம்.”

ஜெபசுந்தர் வெடுக்கென்று நிமிர்ந்தான். தேவசுந்தரம், “மைமூனம்மாவா? எப்போ?” என்றார். அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை.

லிங்கேஷ் கிட்டே வந்தான். “சரிம்மா. எறங்கும்போது?”

“எறங்கும்போது சீட்டு கீழ போச்சாம். முன் சீட்டப் பிடிச்சிக்கிட்டாளாம். சரி, அதோட முடிஞ்சிதுன்னு நெனச்சிருக்கா.”

“முடியலியோ?”

“எங்க முடிஞ்சிது? பிடிச்ச கைய விட்டதுக்கப்புறம்லா தூக்கிச்சி! மொதத் தடவயவிடப் பெருசா. சீட்ட விட்டு ஒரு சாண் மேல. தல போய்க் கூரையில முட்டிச்சி.”

“கீழ வந்து உக்காரும்போது?”

“அங்கனதாந் தம்பி வென. ஆளு கீழ எறங்குது, சீட்டு மறுபடியும் மேல ஏறி வருது. நான் எறங்குதேன், அது ஏறுது. ரெண்டும் முட்டுன அந்த எடத்துலதான் எனக்கு இடுப்புல சடக்குன்னு...”

நிறுத்திக்கொண்டாள். ஆனால் ‘எனக்கு’ என்ற வார்த்தை வாயைவிட்டுப் போயே போய்விட்டது.

பாவம் லிங்கேஷ், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “அதான் பாத்தேன்!” என்று துள்ளினான். “எறங்குனதுக்கப்புறம் எழும்புத வேகத்த ஷாக் பிடிக்கணும். அது பிடிக்காமத்தான் துள்ளிருக்கு. இப்போ நான் தளத்தி வச்சதும் அதே தப்புதான் வே ஜெபா! சாப்ட்டுன்னு நீ சொன்னியேன்னு செஞ்சேன். பின்னால ரெண்டையும் இறுக்கணும்...” அப்புறம்தான் மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனர் தானாகக் கீழே இறங்கியது.

“யாருக்கு?” என்றார் தேவசுந்தரம்.

அவள் மகனைப் பார்த்தாள்.

“கிருபா, யாருக்குன்னு கேட்டேன்.”

“எனக்குத்தாங்க.”

“அப்போ பாத்ரூம்?”

ரோட்டில் ஒரு டவுன் பஸ் இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை அவர் காத்திருந்தார். அவள் இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“எந்த பிரேக்கர்?”

கையை நீட்டிக் காட்டினாள். அவர் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கத்துவார், காரை உதைப்பார், மகனை அடித்தாலும் அடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். எதுவும் நடக்காதது அதைவிடப் பயமாக இருந்தது.

“அப்பா, நான் அன்னைக்கே சொல்லிரலாம்னு...” ஜெபசுந்தருக்கு நாக்குக் குழறியது.

“நான்தாங்க அவன் வாய அடச்சேன்” என்று கிருபாபாய் குறுக்கே வந்தாள். “நீங்க சொன்ன சொல்லுக்குப் பயந்து. அவன் மேல ஒரு தப்பும்...”

“ரெண்டு பேரும் சேந்து உக்காந்து டைல்ஸ் ஒட்டுனோமேல” என்றார் தேவசுந்தரம், மகனைப் பார்த்து. குரல் ஏறவே இல்லை. “கம்பி மாட்டும்போது, அம்ம கைக்கு எட்டுதான்னு நீதான அளந்து பாத்த? எப்படில முடிஞ்சிது?”

ஜெபசுந்தர் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கிருபாபாய்க்கு அவனிடம் போக வேண்டும்போல் இருந்தது. கணவனிடமும் போக வேண்டும்போல் இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற இடத்திலேயே நின்றாள்.

தேவசுந்தரம் லிங்கேஷ் பக்கம் திரும்பினார். “தம்பி, இறுக்கணும்னியே. இறுக்கு.”

லிங்கேஷ் விட்டால் போதுமென்று காருக்குப் பின்னால் மண்டியிட்டான். திருகு ஒவ்வொரு பல்லாக ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து, காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டான். எழும்பி ஒரே மட்டில் நின்றது.

“இப்போ சரியா இருக்கும் அங்கிள். ஆனா எதுக்கும் மொதல்ல பைய ஓட்டிப் பாக்கணும். ஆள் உக்காந்தாத்தான் முழுசாத் தெரியும். நான் பின்னால உக்காருதேன்...”

“நீ உக்காரக்கூடாது.”

தேவசுந்தரம் பின் கதவைத் திறந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே ஏறி, வலது ஓரத்தில் உட்கார்ந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கிருபாபாயைப் பார்த்து, “எந்தப் பக்கம் உக்காந்திருந்த?” என்றார்.

“எடது பக்கம்” என்றாள், தன்னை மறந்து.

அவர் இடது பக்கம் நகர்ந்துகொண்டார்.

“அன்னைக்கு என்ன ஸ்பீடுல போன?”

ஜெபசுந்தர் மூக்கை உறிஞ்சினான். “அறுபது இருக்கும்பா.”

“வந்து ஓட்டு. அதே பிரேக்கர். அதே அறுபது.”

“அப்பா, வேண்டாம்பா. இறுக்குனது சரியா வந்திருக்கான்னே தெரியல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா...”

“நாளைக்கு என் பிள்ள வயித்துப் பிள்ளையோட உக்காரப்போற எடம்ல இது. இங்கன அடிபடணும்னா இன்னைக்கே எனக்குப் பட்டுரட்டும். ஏறு.”

கிருபாபாய் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். வேகமாக எட்டு வைத்ததில் முதுகில் பளிச்சென்று மின்னியது. “ஏங்க, உங்களுக்கும் அறுபத்தஞ்சு ஆச்சி. கோவத்த என் மேல காட்டுங்க. வாடகைக் காருக்கே சொல்லிருவோம். எறங்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

அவர் அவளுடைய விரல்களைக் கதவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். முரட்டுத்தனமாக இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

“இத்தன நாளும் நீ சொன்னதெல்லாம் நம்பிட்டு இருந்தேன் கிருபா. இனி எனக்குத் தெரிய வேண்டியத நானே உக்காந்து தெரிஞ்சிக்கிடுதேன்.”

கதவு சாத்திக்கொண்டது. ஜெபசுந்தர் ஓட்டுநர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். பின்னாலிருந்து அவர் ஒரே வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்று வெளியே கேட்கவில்லை. கார் கிளம்பியது.

முதலில் குருவிகுளம் பக்கமாக வெகுதூரம் போனது. அங்கே எங்கோ திரும்பியது. வெயிலில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. லிங்கேஷ் நடு ரோட்டுக்கு ஓடி, எதிரே எதுவும் வராமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டு, கார் நெருங்கும்போது ஓரத்துக்குத் தாவினான்.

ஒர்க்‌ஷாப் வாசலைக் கார் தாண்டிய அந்த ஒரு நொடியில் கிருபாபாய் அவரைப் பார்த்தாள். முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளவில்லை. மடியில் கையை வைத்து, ஆராதனையில் உட்காருவதுபோல் நேராக உட்கார்ந்திருந்தார்.

“பிரேக் பிடில! ஏலே ஜெபா, பிரேக்கப் பிடி!”

கத்தியது தான்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு காரின் முதுகையே பார்த்தாள்.

வேகத்தடை வந்துவிட்டது. பின்பக்கச் சிவப்பு விளக்குகள் எரியவில்லை.